நூலகத்தில் ஒரு துப்பறியும் பாடம்

பிளேக் நோயைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி ஒரு வகுப்பிற்குச் சொன்னால், நாற்பது மாணவரும் ஒரே நூலின் ஒரே பக்கத்தைப் பெயர்த்து எழுதி வருவர். இந்நாளில் கைப்பேசியின் திரையிலிருந்து எழுதி வருகின்றனர், வேறுபாடு அவ்வளவே. நூலில் கண்டதை ஐயுறவும், மற்றொரு நூலோடு ஒப்பிடவும் அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்கது இல்லை என்று வருந்தியது. அலமாரிகள் பெருகிய பள்ளிகளிலும் அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி பெருகிவிடவில்லை.

இப்பயிற்சியை விளையாட்டாகவே அளிக்க இயலும். விடை காண வேண்டிய ஒரு புதிரைக் கொடுத்து, அதன் தடயங்களை நூலகத்திற்குள்ளேயே தேடச் செய்வது இதன் முறை. கற்பனைக் கொலையும் கற்பனைத் துப்பறிவாளரும் தேவையில்லை. ஊர் வரலாறே போதிய புதிர்களைத் தரும்.

புனேயை அடுத்த நிக்டியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 1972இல் அமைக்கப்பட்ட பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர வளர்ச்சி ஆணையம் மனைகள் வகுத்து உருவாக்கிய குடியிருப்புப் பகுதி இவ்வூரில் உள்ளது. தொழிற்சாலைகளை நாடிப் பல மாநிலத்தவரும் வந்து குடியேறிய வட்டாரம் இது. தங்கள் ஊருக்குப் பழைய வரலாறு இருப்பதைப் பல குழந்தைகள் அறியார். ஆனால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிஞ்ச்வட், சாபேகர் சகோதரர்களின் ஊர்.

ஆசிரியர் தரும் புதிர்ச் சீட்டு இவ்வாறு அமையலாம்: “1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்டு ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிய இரு ஆங்கில அதிகாரிகள் சுடப்பட்டனர். ஒரு நூலில் இறந்த நாள் ஜூன் 22 என்றும், மற்றொன்றில் ஜூலை 3 என்றும் உள்ளன. எது சரி? அதிகாரிகள் சுடப்பட்டதன் காரணம் என்ன? அந்த மாளிகையில் இன்று இருப்பது எது?”

மாணவர் நால்வர் நால்வராகப் பிரிந்து தேடத் தொடங்குவர். முதல் தடை நூற்பட்டியிலேயே எழும். ‘புனே’ என்ற தலைப்பில் ஏதும் அகப்படாத குழு, ‘பூனா’ என்ற பழைய பெயரிலும் தேட வேண்டும் என்பதை உணர்வதற்குச் சிறிது நேரமாகும். ஆசிரியர் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அடுத்து, ஒரே செய்தி மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடப்பதைக் காண்பர். டூயி பகுப்பு முறைப்படி இந்திய வரலாறு 954இலும், கொள்ளை நோய்த் தடுப்பு 614இலும், வாழ்க்கை வரலாறுகள் 920இலும் இருக்கும். பகுப்பெண் என்பது நூலின் முதுகில் ஒட்டிய வெறும் எண்ணன்று என்பது அப்போதுதான் விளங்கும்.

விளையாட்டின் சிறந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பருமனான நூலே நம்பத்தக்கது என்று கருதி, சில குழுக்கள் பழைய பம்பாய் மாகாணக் கெஜட்டியரின் பூனாத் தொகுதியை எடுத்து நெடுநேரம் புரட்டும். அத்தொகுதி வெளிவந்த ஆண்டு 1885. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்ததை அது எவ்வாறு கூறும்? தலைப்புப் பக்கத்தில் பதிப்பாண்டைப் பார்த்த பிறகே நூலைத் திறக்க வேண்டும் என்ற பாடத்தை, ஓர் அரைமணி நேர ஏமாற்றம் கற்பித்துவிடுகிறது. 1954இல் வெளியான பூனா மாவட்டக் கெஜட்டியரை அதன் அருகிலேயே வைத்திருப்பது நலம்.

விடை இதுதான்: இரு நாட்களும் சரியே. லெப்டினன்ட் அயர்ஸ்ட் அன்றிரவே இறந்தார். பிளேக் குழுத் தலைவர் ராண்ட் ஜூலை 3இல் இறந்தார். சுருக்க நூலொன்றை மட்டும் படிப்பவர் இருவரும் ஒரே நாளில் இறந்தனர் என்று எண்ணிவிடக்கூடும். பல்கலைக்கழகத்தைக் குறித்த நூலைத் தேடுபவர், அம்மாளிகை இன்று சாவித்திரிபாய் பூலே புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் என்பதை அறிவர்.

காரணத்தைக் கூறுவது இவ்வளவு எளிதன்று. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் புனேக்கும் பரவியது. 1897இல் கொள்ளை நோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. படைவீரர்கள் வீடு புகுந்து சோதனையிட்டதை மக்கள் வெறுத்தனர். நோயைத் தடுக்கும் தேவையும் மெய்யே. அதே ஆண்டில்தான் ஹாஃப்கின் தமது தடுப்பூசியைப் பம்பாயில் தம் உடலிலேயே சோதித்தார். 614இல் உள்ள நூல் ஒன்றைச் சொல்லும். 920இல் உள்ளது வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் படித்த மாணவரே எழுதத் தகுதி பெற்றவர். தாமோதர் சாபேகர் 1898இலும், பாலகிருஷ்ணரும் வாசுதேவரும் 1899இலும் தூக்கிலிடப்பட்டனர். உயிர்கள் மாய்ந்த செய்தி இது. ஆதலின் பரிசும் கைதட்டலும் இந்த ஆட்டத்திற்கு வேண்டா என்பது என் கருத்து.

மதிப்பெண்ணை விடைக்கு அளிப்பதைவிடத் தேடிய வழிக்கு அளித்தல் வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்தவர்க்கு மதிப்பெண். பயனற்றுப் போன நூலைக் குறித்து, அது ஏன் பயன்படவில்லை என்று எழுதியவர்க்குக் கூடுதல் மதிப்பெண். இரண்டு பாட வேளைகள் போதும்.

செலவு ஏதுமில்லாத இத்திட்டத்திற்குப் பெருந்தடை பூட்டிய அலமாரியே. தொலைந்த நூலுக்கு நூலகரோ ஆசிரியரோ ஈடு செய்ய வேண்டும் என்ற அச்சம் உள்ளவரை அலமாரி திறக்காது. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. விதியைத் தளர்த்த வேண்டியவர்கள் அதிகாரிகள். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில் நிறைவேறியது. மகாராஷ்டிரம் 1967இல் சட்டம் இயற்றிற்று.

தமிழகப் பள்ளிகள் 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் நிகழ்ந்த ஆஷ் கொலையை எடுத்துக்கொள்ளலாம். மணியாச்சி இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டமோ 1986இல்தான் பிறந்தது. ஆகவே பழைய நூல்களில் திருநெல்வேலி என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். பேட் என்பார் எழுதிய திருநெல்வேலிக் கெஜட்டியர் 1917இல் வெளிவந்தது. நிகழ்ச்சிக்குப் பிந்தைய நூல் என்பதால் மட்டும் செய்தி அதில் இருந்தே தீரும் என்று கொள்ளலாமா என்பதை முதற் புதிராக வைத்து, பொருளடைவைப் புரட்டச் செய்யலாம்.