வாழைப்பழத்துக்கு நுரையீரல் வழி தெரியாது

நம்பிக்கை: "ராத்திரி ரெண்டு வாழைப்பழம் தின்னாப் போதுமுங்க, நெஞ்சுல சேந்த பஞ்செல்லாம் இறங்கிப் போயிரும்."

உண்மை: திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் மில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். பழத்துக்குப் பதில் வெல்லம் என்பாரும் உண்டு. தின்றது வயிற்றுக்குப் போகிறது, தூசு நுரையீரலுக்குப் போகிறது. பழம் நல்லதுதான், சாப்பிடுங்கள். அதை நம்பி இருமலைத் தள்ளிப்போடாதீர்கள்.

பஞ்சுத் தூசால் வரும் 'பிசினோசிஸ்' நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் தளரும். அதனால் ஊருக்குப் போய் வந்த அசதி என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆரம்பத்திலேயே தூசை விட்டு விலகினால் பெரும்பாலும் சரியாகும். வருடக்கணக்கில் இழுத்தால் மூச்சுத்திணறல் நிலைத்துவிடும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இது இருக்கிறது. தூசை உறிஞ்சும் கருவிக்கு முதலாளி செலவழிக்க வேண்டும். வாழைப்பழத்துக்குத் தொழிலாளி செலவழிக்கிறார். இந்த நம்பிக்கை யாருக்குச் சௌகரியம்?

நம்பிக்கை: "பொம்பளைங்க தண்ணியே குடிக்கறதில்லீங்க, அதான் நீர்க்கடுப்பு."

உண்மை: பாதி சரி. ஏன் குடிப்பதில்லை என்பதுதான் மீதிப் பாதி. ஓவர்லாக் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் மத்தியானம் வரை மூடி திறக்காமல் நிற்கும். பீஸ் ரேட்டில் தைப்பவர் எழுந்து போனால் அந்த நேரத்துக் காசு போச்சு. திரும்பி வருவதற்குள் துணி மலையாகச் சேர்ந்திருக்கும். ஒன்றரை ஷிப்டு என்றால் 12 மணி நேரம். கழிவறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்றால் கேட்கவே வேண்டாம். இவ்வளவையும் அடக்கிக்கொண்டு வருபவருக்கு, "நிறையத் தண்ணீர் குடிங்கம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார்.

மாதவிடாய் வலியின் கதையும் இதேதான். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழக ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. வலி என்று சொன்னால் வேலையிடத்திலேயே பெயர் ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து, மறுபடி மிஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஓய்வு கொடுப்பதைவிட மாத்திரை மலிவு.

நம்பிக்கை: "வடக்க இருந்து வர்றவங்கதான் டிபியைக் கொண்டாராங்க."

உண்மை: காசநோய்க் கிருமி இந்த ஊருக்குப் புதிதல்ல. அது நோயாக வெடிப்பதற்குக் காற்றோட்டமில்லாத அறையும் அரைவயிறும் பெரிய காரணங்கள். லைன் வீட்டின் ஒற்றை அறையை ஷிப்டு முறையில் பங்கு போட்டுப் படுப்பவர்கள், ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகப் பருப்பையும் முட்டையையும் குறைப்பவர்கள் இங்கே எத்தனை பேர்!

அந்த வடக்கில், ஜார்க்கண்டிலேயே நடந்த ஓர் ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது. காசநோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. இவ்வளவுதான் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்த மாநிலத்தவர் என்று பார்த்து நோய் வருவதில்லை.

நம்பிக்கை: "இ.எஸ்.ஐ. பிடித்தம் தண்டம்."

உண்மை: மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 சதவீதம்தான் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். நோய் விடுப்பில் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம். காத்திருப்பும் அலைச்சலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான பவர்டேபிள் தையல் பட்டறையில் ஜாப் ஒர்க் செய்பவருக்கு இந்தத் 'தண்டம்' கூடக் கிடைப்பதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குப் பிடித்தம் உண்டா? சம்பளச் சீட்டைப் பாருங்கள். காப்பீட்டு எண் தெரியாவிட்டால் இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.