ஸ்டெப்னி கீப்பரை எடுக்கலாமா?

ஆனிக் காற்று வீசத் தொடங்கினால், தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். விளக்கு எரியும், எங்கள் வீட்டில் கோடு போட்ட நோட்டு வெளியே வரும். ஆளுக்குப் பதினோரு வீரர்களை எழுதி, அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்குப் புள்ளி போடுகிற ஃபேன்டசி கிரிக்கெட். ரன்னுக்கு 1, கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12 என்பது எங்கள் கணக்கு. இதில் பலரும் சறுக்குவது, நாங்கள் 'ஸ்டெப்னி' என்று சொல்லும் மாற்று விக்கெட் கீப்பரிடம்தான்.

1. டாஸ் முடியும்வரை கீப்பர் பெயரைப் பேனாவால் எழுதாதீர்கள். நாராயண் ஜெகதீசன் 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தவர். 2025 ஜூலையில் ரிஷப் பந்துக்குக் காலில் எலும்பு முறிந்ததும் ஓவல் டெஸ்ட்டுக்கு ஜெகதீசனைத்தான் அழைத்தார்கள். ஆனால் கையுறை துருவ் ஜுரெலுக்குப் போயிற்று. 277-ஐ நம்பி எழுதியவர் நோட்டில் முட்டை.

2. வீட்டில் எத்தனை பேர் விளையாடுகிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஸ்டெப்னியின் விலை அதைப் பொறுத்தது. ஒரே வீரரை எல்லோரும் எழுதலாம் என்றால் மாற்று கீப்பருக்கு மதிப்பே இல்லை; நல்லவரை எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்தவரை அடுத்தவர் தொடக்கூடாது என்று வைத்தால் கதை மாறும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு கீப்பர். விளையாடுவது நாலு பேர். மூன்றாவது ஆள் பாவம்! தேங்காய் ரெண்டே இருக்கும்போது வீட்டில் நாலு சட்னி கேட்டால் எப்படி இருக்கும்? அப்போது, கையுறை மாட்டாமல் வெறும் பேட்ஸ்மேனாக ஆடும் இரண்டாவது கீப்பரைத் தேடுங்கள். அவரை 'கீப்பர்' வரிசையில் எழுதலாம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கும் இதே கணக்குதான். அங்கே 32 அணிகள், அணிக்குக் களத்தில் ஒரு குவார்ட்டர்பேக். பன்னிரண்டு பேர் விளையாடும் குழுவில் ஆளுக்கு இரண்டு குவார்ட்டர்பேக் கட்டாயம் என்றால் 24 பேர் போய்விடுவார்கள், மீதம் எட்டே பேர். பெஞ்சில் இருப்பவருக்கும் கிராக்கி வந்துவிடும். ஆளுக்கு ஒருவர் போதும் என்ற குழுவில் அதே மனிதரைச் சீந்த நாதியில்லை.

3. கைதட்டலையும் புள்ளியையும் குழப்பாதீர்கள். 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி. தோனி ஓய்வில். ஆண்டுக்கணக்கில் ஸ்டெப்னியாகவே இருந்த தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார். தெருவே வெடி போட்டது. நோட்டைப் பாருங்கள்: ரன்னுக்கு 29 புள்ளிதான். அதே ஆட்டத்தில் 56 அடித்த ரோகித் சர்மாவை எழுதியவர் சத்தமில்லாமல் முந்திவிட்டார். ஏழாவதாக இறங்குபவருக்குப் பந்தே மிஞ்சாது. மூன்றாவது இடத்துக்குள் இறங்கும் மாற்று கீப்பர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

சங்கர் நகர் மைதானத்திலும் இப்படித்தான். 2023 ஜூலை 10-இல் நெல்லை ராயல் கிங்ஸுக்கு 12 பந்தில் 37 வேண்டியிருந்தபோது, 19-வது ஓவரில் மட்டும் 33 வந்தது. ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39. அந்த ராத்திரியை இன்னும் பேசுகிறோம். ஆனால் அதை நம்பி அடுத்த ஆட்டத்துக்குக் குழு அமைத்தால் அனுபவிப்பீர்கள், நான் அனுபவித்தேன். இரண்டே நாளில், அதே மைதானத்தில், இறுதிப் போட்டியில் கோவை கிங்ஸிடம் நெல்லை 104 ரன்னில் தோற்றது.

4. இரட்டைப் புள்ளி தரும் கேப்டன் பட்டத்தை ஸ்டெப்னிக்குக் கொடுக்காதீர்கள். என் மச்சினன் கேட்கமாட்டான். "அத்தான், இன்னைக்கு அவன் அடிப்பான் பாருங்க" என்பான்.

5. பதிலாள் விஷயத்தை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். காயம்பட்ட கீப்பருக்குப் பதில் ஃபீல்டராக வருபவர் நடுவர் அனுமதியுடன் கீப்பிங் செய்யலாம், பேட் பிடிக்க முடியாது. 2025 லார்ட்ஸ் டெஸ்ட்டில் ரிஷப் பந்துக்கு விரலில் அடிபட்டதும் ஜுரெல் அப்படித்தான் நின்றார். அவர் பிடிக்கும் கேட்சுக்குப் புள்ளி உண்டா? பந்து காற்றில் இருக்கும்போது இதை விவாதித்தால் இட்லி ஆறிப்போகும்.

6. காசு வைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு காசு கட்டி ஆடும் ஆன்லைன் போட்டிகளுக்குத் தடை. எங்கள் வீட்டில், தோற்றவர் ஞாயிற்றுக்கிழமை சொதிக்குத் தேங்காயின் மூன்று பாலும் பிழிய வேண்டும். போன ஞாயிறு மச்சினன்தான் பிழிந்தான். முதல் பாலிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டான்.