மீட்டர் பாதையில் ஒரு டீசல் எஞ்சினின் பணிக்காலம்

நிலக்கரிப் புகை மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் 'புகைவண்டி' என்னும் சொல் நம் வழக்கிலிருந்து மறையவில்லை. நீராவி எஞ்சின் மக்கள் நெஞ்சில் பெற்ற இடம் அத்தகையது. அதன்பின் வந்து, தென்னக மீட்டர் பாதைகளில் பல பத்தாண்டுகள் பாரம் இழுத்த டீசல் எஞ்சினைப் பற்றி எழுதுவாரும் பேசுவாரும் அரியர். ஒய்.டி.எம். 4 என்னும் அவ்வெஞ்சின் எவ்வாறு உழைத்தது, எதனால் ஓய்ந்தது என்பவற்றை இக்கட்டுரை நோக்குகிறது. தேய்ந்து பழுதுற்றதனால் அது ஓய்ந்தது எனக் கருதுவோர் பலர். அக்கருத்து முழுவதும் பொருந்தாது.

பெயரும் பிறப்பும்

பெயரிலுள்ள 'ஒய்' மீட்டர் பாதையையும், 'டி' டீசலையும், 'எம்' பயணியர் வண்டி, சரக்கு வண்டி ஆகிய இரண்டிற்கும் உரியது என்பதையும் குறிக்கும். அமெரிக்க ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த இவ்வெஞ்சின்கள் 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தன. 1968 முதல் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலை இவற்றைக் கட்டத் தொடங்கியது. மறு ஆண்டே ஆல்கோ எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. தாய் நிறுவனம் மறைந்தும் அதன் பிள்ளைகள் வாரணாசியில் 1990 வரை பிறந்துகொண்டிருந்தமை வியப்புக்குரியது.

இயங்கும் முறை

டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை என்பதை மாணவர் முதலில் மனங்கொள்ள வேண்டும். ஆறு உருளைகள் கொண்ட டீசல் பொறி ஒரு மின்னாக்கியைச் சுழற்றும். அம்மின்னாற்றல் அடியிலுள்ள ஆறு மோட்டார்களுக்குச் செல்லும். அச்சுக்கு ஒன்றாக அமைந்த அம்மோட்டார்களே வண்டியை இழுப்பவை. அஃதாவது, இது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து ஓடும் மின்வண்டி. ஆற்றல் 1400 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 72 டன். மீட்டர் பாதையின் மெல்லிய தண்டவாளம் தாங்கும் வண்ணம் இவ்வெடை ஆறு அச்சுகளுக்கும் 12 டன்னாகப் பகிரப்பட்டது.

ஓட்டுநர் அறை ஒரு முனையருகே அமைந்தது. நீண்ட முகப்பு முன்னே செல்லும்போது ஓட்டுநருக்கு மறுபக்கம் மறைந்துவிடும். அப்பக்கத்துக் கைகாட்டியை உதவி ஓட்டுநர் கண்டு உரக்கச் சொல்வார். ஓட்டுநர் அதனைத் திருப்பிச் சொல்வார். இருவர் கண்களும் குரல்களும் கூடியே அவ்வண்டி சென்றது.

பணிமனை வாழ்வு

எஞ்சினின் வாழ்வைத் தண்டவாளத்தில் மட்டும் தேடுதல் பிழை. அதன் ஆயுளை நீட்டித்த இடம் பணிமனையே. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை இதற்குப் பேர் பெற்றது. பயணம் முடிந்தபின் ஒரு சோதனை, மாதச் சோதனை, ஆண்டுச் சோதனை என அவை படிப்படியாக விரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எஞ்சின் முழுவதும் கழற்றப்பட்டுப் புதிதாகப் பூட்டப்படும்.

இவற்றுள் என் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது எண்ணெய்ச் சோதனை. மருத்துவர் நாடி பிடித்து உள்நோயை அறிவதுபோல, பொறியிலிருந்து எடுத்த சிறிதளவு உயவெண்ணெயைக் கொண்டே உள்ளுறுப்புகளின் நிலையை அறிந்தனர். எண்ணெயில் இரும்பு மிகுந்தால் உருளைச் சுவரோ வளையங்களோ தேய்கின்றன. செம்பும் ஈயமும் மிகுந்தால் தாங்கிகளில் குறை. மணற்சத்து மிகுந்தால் காற்று வடிகட்டி தூசியை உள்ளே விடுகின்றது. பொறியைத் திறவாமலே நோயிடம் காணும் இக்கலை, நடுவழியில் நின்றுபோகும் இடரைப் பெரிதும் குறைத்தது. பழுது பார்த்தபின் நின்ற இடத்திலேயே மின்னாக்கியின் ஆற்றலை மின்தடைகளில் செலுத்தி, ஒரு பெட்டியும் இழுக்காமல் முழுப்பாரத்தையும் சோதிப்பர். இத்தகைய கைகள் பல உழைத்ததாலேயே, 36 ஆண்டுகள் என வகுக்கப்பட்ட ஆயுளை நோக்கி எஞ்சின்கள் நடைபோட்டன.

பாதை மாறியது

ஆயினும் 1992இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டம் அவ்வாயுளுக்குக் குறுக்கே வந்தது. 1,000 மில்லிமீட்டர் இடைவெளிக்கென அமைந்த சக்கரம் 1,676 மில்லிமீட்டர் பாதையில் நிற்குமா? எஞ்சின் நன்றாக இருந்தது. அடியிலிருந்த பாதைதான் போய்விட்டது. பாம்பன் பாலத்தில் கடற்காற்றுக்கு நடுவே மெல்ல ஊர்ந்த மீட்டர் பாதை வண்டிகள் அகலப்பாதை 2007இல் வந்ததோடு மறைந்தன. புனலூர் – செங்கோட்டை மலைவழியில் மீட்டர் பாதைப் போக்குவரத்து 2010இல் நின்றது. பாதை மாற்றத்தால் போக்குவரத்து பெருகியதும், இடையில் வண்டி மாறும் துன்பம் ஒழிந்ததும் மெய். அதற்காக, உழைக்க வல்ல எஞ்சின்களை உடைத்து இரும்பாக விற்றதை எளிதில் ஏற்க மனம் வரவில்லை. மீட்டர் பாதை வழக்கிலிருந்த மலேசியா, மியான்மர் ஆகிய நாடுகளுக்குச் சில சென்று மறுவாழ்வு பெற்றன.

நீலகிரி மலைப்பாதை ஒன்றே தமிழ்நாட்டில் இவற்றுக்குப் புகலிடம் தந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் நீராவி எஞ்சின் குன்னூரில் கழற்றப்படும். அங்கிருந்து உதகமண்டலம் வரை பெட்டிகளை நடத்துவது பெரும்பாலும் ஒய்.டி.எம். 4 எஞ்சினே. பயணியர் இறங்கி நீராவி எஞ்சினைச் சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வர். அவ்வேளையில் டீசல் எஞ்சின் மறுமுனையில் பெட்டிகளோடு இணைக்கப்பட்டு, புறப்படக் காத்திருக்கும்.