பழைய பேட், தெரியாத ஆள்

கோடைப் பயிற்சி முகாம்கள் முடிந்து பள்ளி திறந்ததும் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கிரிக்கெட் கிட், ஸ்கேட்டிங் ஷூ, பேட்மிண்டன் ராக்கெட் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். பிள்ளைக்கு ஆர்வம் போயிருக்கும், அல்லது கால் வளர்ந்திருக்கும். நல்ல பொருளைக் குறைந்த விலைக்கு வாங்க இதைவிடத் தோதான நேரம் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் யாரென்று தெரியாததுதான் ஒரே தொல்லை.

1. விளம்பரத்தில் உள்ள படம் யாருடையதாகவும் இருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் இன்றைய தேதியை எழுதி, அதைப் பொருளின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. வீடியோ காலில் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. சாக்குச் சொல்கிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

2. "நான் ராணுவத்தில் இருக்கேன், திடீர்னு டிரான்ஸ்ஃபர், அதான் கொடுக்கிறேன்" என்று வருகிற செய்தி மிகப் பழைய வலை. சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் கேட்காமலே வந்து சேரும். பொருளை ராணுவ வண்டியிலேயே அனுப்புவதாகவும், வண்டிக் கூலியை மட்டும் முன்னால் போடும்படியும் சொல்வார்கள். உண்மையான ராணுவ வீரர் முகம் தெரியாதவருக்குத் தன் அடையாள அட்டையை அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்.

3. "இன்னும் நாலு பேர் கேக்கிறாங்க, 500 ரூபா டோக்கன் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்றால், அந்த நாலு பேருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பொருளைத் தொட்டுப் பார்க்கும் முன் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

4. இது விற்பவர்களுக்கு. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் நம் கணக்கிலிருந்து போவதற்குத்தான் பின். "இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்று யாராவது சொன்னால், போகப்போவது உங்கள் பணம். பொருளையே பார்க்காமல், பேரமும் பேசாமல், சொன்ன விலைக்கு உடனே சம்மதிக்கிறவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். பழைய பேட்டை அப்படி யாரும் வாங்குவதில்லை.

5. பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அதைப் போலியாக உருவாக்கித் தர ஆப்களே இருக்கின்றன. "கிரெடிட் ஆனது" என்ற குறுஞ்செய்தி 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் அது வங்கி அனுப்பியதல்ல. "தப்பா ஒரு சைபர் சேர்த்துப் போட்டுட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க" என்ற பதற்றக் குரலும் இதே கூட்டத்தின் வேலைதான். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே எதையும் செய்யுங்கள்.

6. கிரிக்கெட் பேட்டில் ஸ்டிக்கரைப் பார்த்து விலை பேசக் கூடாது. ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது, எந்தக் கட்டையிலும் ஒட்டலாம். கட்டையைப் பாருங்கள். இங்கிலீஷ் வில்லோ வெளுப்பாக, நேரான கிரெயின் கோடுகளோடு இருக்கும். காஷ்மீர் வில்லோ சற்றுப் பழுப்பாக, பெரும்பாலும் கனமாக இருக்கும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். ஒரு பழைய லெதர் பந்தை எடுத்துப் போய், பிளேடின் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக் டொக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் செத்துப்போனால் உள்ளே விரிசல் இருக்கலாம். முகப்பில் தெரியும் மெல்லிய கீறல்கள் ஆடிய பேட்டுக்கு இயல்புதான், அதற்காக ஒதுக்க வேண்டாம். அடிநுனியிலிருந்து மேலேறும் பிளவுதான் ஆபத்து. ரப்பர் கிரிப்பைக் கொஞ்சம் சுருட்டி, ஹேண்டிலில் சுற்றிய நூல் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்டிலை இரு கையாலும் முறுக்கும்போது 'கிரீச்' என்றால் வேண்டாம். முகப்பில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

7. பேட்மிண்டன் ராக்கெட்டில் பெயின்ட் உரிந்த இடங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். தரையில் உரசும் மேல் விளிம்பு, தண்டும் பிரேமும் சேரும் இடம், இந்த இரண்டும் முக்கியம். மயிரிழை விரிசல் இருந்தால் இன்றைக்கு ஆடும். அடுத்த மாதம் புதுக் கட்டிங் (நரம்பு) போடக் கொடுக்கும்போது மெஷினிலேயே உடையும். கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

8. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பிரேம் நம்பர் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் கிளம்பிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பிரேம் நம்பர், தேதி, தொகை எழுதிய ஒரு தாளில் கையெழுத்தாவது வாங்குங்கள். செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம்: 12 முழுக் கண்ணி, பின்னுக்குப் பின் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

9. டிரெட்மில் பெரும்பாலான வீடுகளில் துணி காயப்போடத்தான் பயன்பட்டிருக்கும். அந்த வகையில் அது நல்ல பொருள். ஆனாலும் ஷூ போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நடந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கால் வைக்கும்போது பெல்ட் வழுக்குகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். சட்டையில் மாட்டும் கயிறோடு ஒரு சேஃப்டி கீ இருக்கும். அது தொலைந்திருந்தால் பெரும்பாலான மெஷின்கள் ஓடவே ஓடாது. லிஃப்ட் இல்லாத வீட்டு மாடியிலிருந்து இறக்கும் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

10. ஹெல்மெட்டைப் பழையதாக வாங்காதீர்கள், சைக்கிளுக்கானாலும் கிரிக்கெட்டுக்கானாலும். ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் தாங்கும் நுரை நசுங்கிவிடலாம். அது வெளியே தெரியாது. அப்டமன் கார்டு, பல்லுக்கு மாட்டும் கார்டு பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

11. சந்திக்கும் இடம் ஆள் நடமாட்டம் உள்ளதாக இருக்கட்டும். பேட், ராக்கெட் என்றால் பகலில் ஏதாவது டர்ஃப் அல்லது ஷட்டில் கோர்ட் வாசல் வசதி. அங்கேயே ஆடியும் பார்க்கலாம். டிரெட்மில் போல வீட்டுக்கே போக வேண்டிய பொருளானால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பெண்கள் தனியாகப் போக வேண்டாம். ஓட்டிப் பார்க்க சைக்கிளைக் கேட்பவரிடம் அவர் வந்த வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

12. பணம் போய்விட்டால் வீட்டில் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், எதிராளியின் யுபிஐ ஐடி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்த பிறகே அவரை பிளாக் செய்யுங்கள்.

13. விற்று முடிந்த அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "பேட் இருக்கா சார்?" என்று தீபாவளி வரை போன் வந்துகொண்டிருக்கும்.