இரும்பும் டீயும் சேராது

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையோ, தெருக்கோடி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ, செக்கப் முடிந்ததும் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தனுப்புவார்கள். அதை எப்போது, எதோடு சாப்பிடுவது என்பதை வீட்டில் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: "இரும்பு மாத்திரை சாப்ட்டா புள்ள கறுப்பா பொறக்கும்."

உண்மை: குழந்தையின் நிறம் அப்பா அம்மாவின் மரபணுவில் இருந்து வருவது. அதில் மாத்திரைக்கு வேலையே இல்லை. கறுப்பாவது மலம்தான், உடல் எடுத்துக்கொள்ளாத இரும்பு அப்படி வெளியேறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது ரத்தசோகைக்கு. தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரையை, நான்காம் மாதத்தில் தொடங்கி 180 நாள் தினமும் சாப்பிடச் சொல்கிறது அரசு. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். குங்குமப்பூ போட்ட பாலும் நிறத்தை மாற்றாது. அந்தப் பாலிலேயே மாத்திரையை விழுங்கினால் நஷ்டம் இரட்டிப்பு: பாலில் உள்ள கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது.

நம்பிக்கை: "எல்லா மாத்திரையையும் ஒண்ணா போட்டு, மேல ஒரு டீ குடிச்சா வேலை முடிஞ்சுது."

உண்மை: டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். கால்சியம் கணக்கு வேறு: அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், இரும்போடு சேர்க்கவே கூடாது. ஒரே வேளையில் இரண்டு கால்சியம் போட்டாலும் பலனில்லை. உடல் ஒரு நேரத்தில் 500 மில்லிகிராம் அளவுக்குத்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும்.

தைராய்டு மாத்திரையும் இருந்தால் கணக்கு இன்னும் கறார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு அது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டிபன். அதற்கும் மற்ற இரண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி. ஆக, மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சை ஜூஸோடு இரும்பு, ராத்திரி சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம். இரும்பு குமட்டினால் நிறுத்திவிடாதீர்கள். நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நம்பிக்கை: "மெடிக்கல்ல சீட்டு இல்லாம குடுக்குற மாத்திரை ஒண்ணும் பண்ணாது."

உண்மை: 1957-இல் மேற்கு ஜெர்மனியில் சீட்டே இல்லாமல் விற்பனைக்கு வந்த தூக்க மாத்திரை தாலிடோமைட். மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன; பல குழந்தைகளுக்குக் கைகால்கள் வளரவே இல்லை. நஞ்சுக்கொடி எல்லா மருந்தையும் தடுத்து நிறுத்தும் சுவர் அல்ல.

கடலுக்குப் போகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் இருக்கும் வீட்டில் இடுப்புவலிக்கென்று ஓர் அட்டை எப்போதும் கிடக்கும். அதில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று இருந்தால் கர்ப்பிணி தொடக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அது சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் வழக்கமாகத் தருவது பாரசிட்டமால். அதையும் டாக்டர் சொன்ன அளவில்தான். சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை டாக்டரே எழுதித் தருவார். அதைப் பயந்து நிறுத்த வேண்டாம்.

நம்பிக்கை: "மாசமா இருக்கும்போது பழைய மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடணும்."

உண்மை: வலிப்பு, சர்க்கரை, பிரஷர், தைராய்டு, காசநோய்க்கான மருந்தைத் திடீரென்று விட்டால் ஆபத்து தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும் என்பது நிஜம்: வலிப்புக்கான வால்புரோயேட், பிரஷருக்கான எனலாப்ரில், ராமிப்ரில். மாற்றுவது டாக்டர் வேலை. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிட்டால் நல்லது. காசநோய்க்கு வழக்கமாகத் தரும் முதல்நிலை மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் தொடர்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் விலக்கு. அது சிசுவின் காதைக் கெடுக்கும்.

நம்பிக்கை: "நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது."

உண்மை: ரசத்தில் போடும் மிளகும் சீரகமும் உணவு. பற்பம், செந்தூரம் அப்படியல்ல. பலவற்றில் உலோகம் உண்டு. கர்ப்பத்தில் பட்டம் பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடாதீர்கள். கேட்டு எடுத்தாலும் மகப்பேறு டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், டானிக், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதை எந்த வேளைக்கு என்று அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 104-க்கு போன் செய்யலாம். கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். கேட்காமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம்.