தீக்காயமும் தோலுக்குக் கட்டும் சாரமும்

கட்டடம் எழும்பும்போது கொத்தனார் முதலில் சாரம் கட்டுகிறார். சுவர் உறுதிப்பட்டதும் பிரித்துவிடுகிறார். ஆழமான தீக்காயத்துக்கு இன்று அளிக்கப்படும் ஒரு சிகிச்சையும் இப்படித்தான் நடக்கிறது. "கொலாஜன் வைக்க வேண்டும் என்கிறார்கள், அது என்ன?" என்று உதவி தேடி வரும் குடும்பத்தார் நம்மிடம் கேட்பதால், இம்மாதம் அதைப் பார்ப்போம்.

நம் தோலில் மேல்தோல், அடித்தோல் என இரண்டு அடுக்குகள் உண்டு. மேல்தோல் சிதைந்தாலும் மீண்டும் வளரும். கொலாஜன் என்ற புரத நார்களால் பின்னப்பட்ட அடித்தோல் முழுதாகக் கருகிவிட்டால் பழைய வடிவில் வளர்வதில்லை. உடல் அந்த இடத்தைத் தழும்பால் இழுத்து மூடுகிறது. அதனால்தான் சிலருக்குக் கழுத்து நிமிர்வதில்லை, விரல்கள் விரிவதில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம். ஆனால் உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு எடுக்கத் தோல் ஏது?

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும், அயோனிஸ் யன்னாஸ் என்ற பேராசிரியரும். மாட்டின் தசைநாணில் உள்ள கொலாஜனோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்து, பஞ்சு போல் நுண்துளைகள் கொண்ட விரிப்பைச் செய்தார்கள். அதன் மேல் ஈரத்தைக் காக்க ஒரு சிலிகான் படலம். நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் வெளியிட்டார்கள்.

கருகிய தோலை அகற்றிவிட்டு விரிப்பைப் பதிக்கிறார்கள். நோயாளியின் சொந்த செல்களும் ரத்தக் குழாய்களும் துளைகளுக்குள் நுழைந்து புதிய நார்களைப் பின்ன, விரிப்பு மெல்லக் கரைகிறது. சுமார் இரண்டு மூன்று வாரங்களில் சிலிகானை உரித்து, நோயாளியின் மிக மெல்லிய தோலை ஒட்டுகிறார்கள். விரிப்பு சீக்கிரம் கரைந்தால் செல்களுக்குப் பிடிமானம் இராது. கரையாமல் நின்றால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சுற்றித் தழும்பு கட்டும். எனவே நஞ்சற்றதாக இருந்தால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் விலகவும் வேண்டும். புதிய தோலில் முடியும் வியர்வைச் சுரப்பியும் இரா. கிருமித் தொற்று வந்தால் விரிப்பே வீணாகலாம்.

ஆம்பூர், வாணியம்பாடியில் பதனிடும் தோலும் பெரும்பாலும் இதே கொலாஜன்தான். காயத்துக்கான கொலாஜன் விரிப்புகள் குறித்துச் சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்துள்ளது.

கொலாஜன் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலையே காயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே கையொப்பம் இடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்தப் பிராணியிலிருந்து வந்தது? மாற்று உண்டா? மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை அறுவைகள்? மார்க்க ரீதியான ஐயம் இருந்தால் உலமாக்களிடம் உடனே கேளுங்கள். நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதையும் மறவாதீர்கள்; தயக்கத்தால் சிகிச்சை தாமதமாகக் கூடாது.

தீ பட்டவுடன் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மை, தோசை மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். காயம் ஆழமாகாமல் தடுத்தால் சாரமே தேவைப்படாமல் போகலாம்.