சலங்கைக்கு விளையாட்டு ஒதுக்கீடு உண்டா?

கேள்வி: சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஆறு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. அரங்கேற்றம் நெருங்குவதால் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. போன மாதம் ஒரு நிகழ்ச்சிக்காக இரண்டு நாள் லீவு எடுத்ததற்குப் பள்ளியில் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். அதே வகுப்பில் கோ-கோ ஆடும் பெண்ணுக்கு ஓ.டி. கிடைக்கிறது. கேட்டால், "அது ஸ்போர்ட்ஸ், இது கல்சுரல்" என்கிறார்கள். இதற்கிடையில் 'தேசிய நடன சாம்பியன்ஷிப்' நடத்தும் ஒருவர், கட்டணம் கட்டி வெளிமாநிலம் வந்து ஆடினால் விளையாட்டுச் சான்றிதழ் கிடைக்கும், இன்ஜினியரிங் சீட்டுக்கு உதவும் என்கிறார். ஒலிம்பிக்கிலேயே நடனம் வந்துவிட்டதே, நம் ஊரில் நடனத்தை விளையாட்டாக அங்கீகரித்தால் என்ன? கொஞ்ச நாளாக அவளுக்குக் குதிகால் வலி வேறு இருக்கிறது.
— ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில் (ஓய்வுபெற்ற உடற்கல்விப் பேராசிரியர்):

கட்டணத்தை இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அந்த ஒதுக்கீட்டுக்கு விளையாட்டு பட்டியலில் இருக்க வேண்டும், போட்டியை நடத்தியது அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், சான்றிதழ் உரிய படிவத்தில் உரியவர் கையெழுத்தோடு வர வேண்டும். பரதநாட்டியம் அந்தப் பட்டியலில் இல்லை. 'நேஷனல்', 'ஃபெடரேஷன்' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். சங்கமாகப் பதிவு செய்வது வேறு, மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள இருட்டில்தான் புறநகர்ப் பெற்றோர்களின் பணம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஆளிடம் அமைச்சகத்தின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. உடல் உழைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. ஒரு வர்ணம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். தொடக்கத்திலேயே திரிகால ஜதி. அரைமண்டியிலிருந்து எழாமல், வெறுங்காலால் தரையைத் தட்டி, மூன்று காலத்திலும் ஆடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் ஓடி முடித்த பெண் டிராக்கில் அப்படியே மல்லாந்து படுத்து மூச்சு வாங்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்கள் மகள் தீர்மானம் முடிந்த அடுத்த அடியிலேயே நாயகியாகி, முகத்தில் ஏக்கத்தைக் கொண்டுவர வேண்டும். நெஞ்சு படபடப்பது முன்வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியக்கூடாது. களைப்பை மறைத்துக்கொண்டே இயங்கச் சொல்லும் இந்தப் பயிற்சிக்கு நிகரானதை நான் மைதானத்தில் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றுக்கு விளையாட்டு என்ற தகுதி கிடைப்பது வியர்வையால் அல்ல. பொது விதி, பருவம், போட்டி அமைப்பு, எல்லோருக்கும் ஒரே அளவுகோல், இவற்றால்தான். 2010-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வழக்கு. குவினிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, சியர்லீடிங்கைப் பெண்கள் விளையாட்டுக் கணக்கில் காட்டப் பார்த்தது. சியர்லீடிங்கில் உடல் உழைப்பு இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்போதைய நிலையில் விளையாட்டாகக் கணக்கில் கொள்ளும் அளவுக்கு அது ஒழுங்குபடவில்லை என்றுதான் தீர்ப்பு வந்தது. பிறகு அது ஒழுங்குபட்டது. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது.

நீங்கள் சொல்லும் ஒலிம்பிக் நடனம் பிரேக்கிங். 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் தெருக்களில் பிறந்தது. 2018-ல் புவனோஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கிலும், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் ஆடப்பட்டு, 2024 ஆகஸ்டில் பாரிஸ் வந்தது. பெண்கள் பிரிவில் ஜப்பானின் ஆமியும் ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வென்றார்கள். நுட்பம், அசைவுகளின் வளம், நிறைவேற்றம், இசையோடு இயைவது, சொந்தக் கற்பனை என்று ஐந்து அளவுகோல், ஒன்பது நடுவர்கள். ஆஸ்திரேலியாவின் ரேகன் மூன்று மோதலிலும் 18-0 என்று தோற்றதை வைத்து உலகமே கேலி செய்தது. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. அங்கே நடுவர்கள் செய்வது இருவரில் யார் மேல் என்று சொல்வது. ஒரு மோதலுக்கு இரண்டு சுற்று, ஒன்பது நடுவர், ஆக 18 வாக்கு. பூஜ்யம் என்றால் எந்த நடுவரும் அவரை எதிராளிக்கு மேல் வைக்கவில்லை என்றுதான் பொருள். அவரால்தான் பிரேக்கிங் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் இல்லாமல் போனது என்பதும் தவறு. அந்தப் பட்டியல் 2023 அக்டோபரிலேயே முடிவாகிவிட்டது. நம் கிரிக்கெட் உள்ளே போனதும் அதே பட்டியலில்தான்.

பிரேக்கிங்குக்குப் போட்டி அளவுகோல் பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. அது பிறந்ததிலிருந்தே இருவர் எதிரெதிரே நின்று மோதும் ஆட்டம். நம் சிலம்பமும் அப்படித்தான். தொடுமுறையில் புள்ளி எண்ணலாம். கோயில் திருவிழாவில் அலங்கார வீச்சாக ரசிக்கவும் செய்யலாம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தபோது அந்தக் கலைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதனால் உங்கள் தெருவில் பிரேக்கிங் பழகும் பையன் யாராவது இருந்தால், அவனுக்கு என் பதில் தயங்காத 'ஆம்'.

பரதத்துக்கு அதே பதிலை என்னால் சொல்ல முடியாது. அளவுகோல் வந்தால் ஆட்டம் அளவுகோலுக்கு ஏற்ப வளையும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மதிப்பெண் சர்ச்சை வெடித்த பிறகு, ஜிம்னாஸ்டிக்ஸில் புகழ்பெற்ற முழுப் பத்து மதிப்பெண்ணை 2006-ல் கைவிட்டார்கள். கடினத்துக்குத் தனி மதிப்பெண், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அதன் பிறகு பயிற்சியாளர் முதலில் பார்ப்பது எந்தச் சுழற்சிக்கு எத்தனை புள்ளி என்பதைத்தான். விளையாட்டுக்கு அது சரி. ஆனால் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியை நினைத்துப் பாருங்கள். சுழலாமல், குதிக்காமல், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளைக் கையிலும் கண்ணிலும் காட்டியதில்தான் அவருடைய பெருமை. அதற்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் கட்டம் இருக்காது. பட்டியல் வந்தால் பதம் போகும், ஜாவளி போகும், வேகமான தில்லானா மட்டும் மிஞ்சும். பள்ளி ஆண்டு விழாக்களில் இப்போதே அதுதான் நடக்கிறது.

யோகாசனத்தை விளையாட்டாக்கவில்லையா என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசு அதைப் போட்டி விளையாட்டாக அறிவித்தது. இசைக்கு ஏற்ப இருவர் செய்யும் ரிதமிக் பிரிவுகூட அதில் உண்டு. ஆசனத்துக்கு உடலின் நிலை ஒன்றே பார்வைப் பொருள். அபிநயத்தில் உடல் ஒரு வழி மட்டும். நடுவர் அளக்க வேண்டியது அந்த உடல் எதைச் சொன்னது என்பதை.

அப்படியானால் உங்கள் மகளுக்கு ஒன்றுமே வேண்டாமா? வேண்டும், நிறையவே வேண்டும். கோ-கோ ஆடும் பெண்ணுக்குக் கிடைப்பது எல்லாம் இவளுக்கும் கிடைக்க வேண்டும், விளையாட்டு என்ற முத்திரை இல்லாமலேயே. ஓ.டி. கொடுப்பதற்குப் பள்ளி நிர்வாகம் மனது வைத்தால் போதும். அழைப்பிதழை இணைத்து, தேதியைக் குறிப்பிட்டு, நிகழ்ச்சிக்கு முன்பே தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள், பி.டி. ஆசிரியரிடம் வாதாட வேண்டாம். அரசே கலையை மதித்துத்தான் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தி, கலையரசன், கலையரசி பட்டம் தருகிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் உள்ள சி.சி.ஆர்.டி. நிறுவனம் 10 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை வழங்குகிறது. உங்கள் மகளுக்கு வயது 13, காலம் அதிகம் இல்லை. அந்த சாம்பியன்ஷிப்புக்கு வைத்திருந்த நேரத்தை இந்த விண்ணப்பத்துக்குக் கொடுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருவான்மியூரில், ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை, மாடி வீடுகளிலும் அபார்ட்மென்ட் ஹால்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மாலை நேரத்தில் பிள்ளைகள் தட்டடவு போடுகிறார்கள். கான்கிரீட்டின் மேல் நேராக ஒட்டிய டைல்ஸ். அடியின் அதிர்ச்சியைத் தரை துளியும் வாங்கிக்கொள்ளாது. முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் திரும்பி வரும். ஓட்டக்காரப் பிள்ளைக்கு வார்ம்-அப் உண்டு, ஓய்வு நாள் உண்டு, பிசியோ உண்டு. நடனப் பிள்ளைக்கு நமஸ்காரம் முடிந்ததும் நேராக அரைமண்டி. விளையாட்டு அறிவியல் நடன வகுப்புக்குள் வர வேண்டும். அதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது குதிகால். வளரும் வயதில், 10 முதல் 14-க்குள், குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி முழுதாகச் சேர்ந்திருக்காது. தொடர்ந்து தட்டினால் அங்கே வலி வருவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை உடனே நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கால் தரையைத் தட்டாமல் இருக்கட்டும். அபிநயத்தையும் ஜதி சொல்வதையும் உட்கார்ந்தே பயிலலாம், குருவிடம் பேசுங்கள். மற்ற நாட்களில் தடிமனான ரப்பர் பாயாவது விரிக்கச் சொல்லுங்கள். கீழே வெற்றிடம் விட்டு அமைத்த மரத்தரை கிடைத்தால் இன்னும் நல்லது. அரைமண்டியில் முழங்கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் அடுத்து வலிக்கப்போவது முழங்கால். பத்து நாளில் குறையவில்லை என்றாலோ, ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று இருந்தாலோ, நொண்டினாலோ, அரங்கேற்றத் தேதியைப் பார்க்காமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலி இரண்டு குதிகாலிலுமா ஒன்றிலா, காலையில் எழுந்ததும் இருக்கிறதா வகுப்பு முடிந்த பிறகு வருகிறதா, வகுப்பு நடக்கும் இடத்தில் என்ன தரை என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பயிற்சிகளைச் சொல்கிறேன்.